ஆபீஸ் திரையில் வந்த குதிகால்

பாப்பா அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். நீங்கள் சுகமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை. கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பீர்கள்.

நம் பாப்பா எல்லார் போனிலும் ஒரே அக்கவுண்டைப் போட்டுக்கொடுத்தாளே, அதையே இந்த ஊர் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் போட்டிருக்கிறேன். சும்மா விட்டால் வீட்டுப் படங்கள் திரையில் ஓடும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். நேற்று அவளுக்கு அடுத்து ஒரு குதிகால் வந்தது. திரை முழுக்கச் சீழ் வடிகிற புண். பக்கத்து மேஜைக் கணக்காளர் டப்பாவை மூடிவிட்டு, "கருமம், யார் காலுங்க இது?" என்றார்.

உங்கள் கணுக்கால் மச்சம் எனக்குத் தெரியாதா? "தெரியலையே" என்றேன். குனிந்து பார்க்க முடியாமல் படமெடுத்துப் பார்த்தீர்களாக்கும். அந்தப் புண்ணைவிட, தினமும் போனில் சொன்ன "நல்லாத்தான்" எனக்குக் குமட்டியது.

சர்க்கரையை வைத்துக்கொண்டு வெறுங்காலோடு திரியாதீர்கள். பாப்பாவைத் திட்டாதீர்கள், அவள் எதுவும் சொல்லவில்லை. நாளைக்கே டாக்டரிடம் போய்க் கட்டுப் போட்டு, அந்தக் காலை ஒரு படம் எடுங்கள். கூடவே உங்கள் முகத்தையும். அப்படி ஒரு படம்கூட இந்தத் திரையில் வருவதில்லை.

மேனேஜர் கூப்பிடுகிறார். படத்தை அனுப்பவெல்லாம் வேண்டாம். எடுத்தால் போதும், இங்கே வந்துவிடும்.