வலது லீவர்

செப்டம்பர் 27

மழை விடவில்லை. காலையில் கொஞ்சம் ஓட்டினோம், மதியத்துக்குப் பிறகு வண்டி சேற்றில் இறங்கவே இல்லை. வெட்டிப் போட்ட செம்பனைக் குலைகள் காட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. முதுகு வேறு. பிரேமலா தைலம் தேய்த்துவிட்டு, "ஐம்பது வயசுல இந்த முதுகுக்கு ரிட்டையர் கொடுத்துருங்க" என்றாள். முதுகு ஓய்வு பெற்றால் சோறு யார் போடுவது?

டிரைலர் இன்று படுத்தி எடுத்தது. அதில் இரண்டு ஜாக்குகள். ஒன்று பெட்டியை நேராக மேலே தூக்கும். மற்றது பெட்டியைப் பின்பக்கமாகக் கவிழ்த்துக் குலைகளை இரும்புத் தொட்டிக்குள் கொட்டும். ஜாக்குக்கு ஒரு எண்ணெய் ஹோஸ், டிராக்டரின் பின்னால் உள்ள வாய்களில் செருகியிருக்கிறோம். வலது லீவரை இழுத்தால் தூக்கும், இடதை இழுத்தால் கவிழ்க்கும். இறக்குவதற்கு மட்டும் எண்ணெய் உதவாது. லீவரைத் தள்ளிவிட்டுக் காத்திருக்க வேண்டும், பெட்டி தன் கனத்தில் தானாக இறங்கும். இன்று சேறு ஒட்டிக்கொண்டு, இறங்குவேனா என்று நின்றது.

அர்ச்சுனன் சிரிக்கிறான். "உங்கள மாதிரியேதான் மாமா. எந்திரிக்க ஒரு கத்து, உக்கார அரை மணி நேரம்."

பிரேமலாவின் தம்பி, என் மச்சான் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன். அவன் இல்லாவிட்டால் அந்தக் காட்டில் பேச்சுத் துணைக்கும் ஆள் கிடையாது என்பது வேறு விஷயம்.

செப்டம்பர் 30

நாளை ஆயுத பூஜை. டிராக்டரைத் தானே கழுவுவதாகப் பிரேமலா சொல்கிறாள். கழுவட்டும். என்னால் குனிய முடியவில்லை.

அக்டோபர் 1

வண்டி புதுசு போல் இருக்கிறது. விடியற்காலையிலேயே தண்ணீர் பைப்பும் பிரஷுமாக இறங்கிவிட்டாள். நான் எழுந்து வரும்போது பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டயருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி குழாய் ரெண்டையும் கழட்டித் துடைச்சு மாட்டிட்டேன். செவப்பும் நீலமுமா ஏதோ டேப் ஒட்டியிருந்துச்சு, ஒரே கிரீஸ். அதையும் சொரண்டிட்டேன். பாருங்க, எப்படி மின்னுது!"

மின்னத்தான் செய்தது. இரண்டு லீவருக்கும் சந்தனம், குங்குமம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். அர்ச்சுனன் வாசலில் பூசணிக்காய் உடைத்தான். பூஜையில் வைத்ததை இன்று முழுக்கத் தொடக்கூடாது என்று பிரேமலா சாவியையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். நல்லதுதான். வடை, பாயாசம், மதியம் தூக்கம். இப்படித் தூங்கி எவ்வளவு நாளாயிற்று.

அக்டோபர் 2

அர்ச்சுனன் கை. நான்தான் லீவரை இழுத்தேன். எழுத முடியவில்லை.

அக்டோபர் 4

குளுவாங் ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தேன். பிரேமலா அங்கேயே இருக்கிறாள்.

எழுதிவிட்டால் கொஞ்சம் இறங்கும் என்று பார்க்கிறேன்.

அன்றைக்குக் காலையில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். காட்டில் குலை ஏற்றி, தொட்டிக்குப் பின்பக்கமாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அர்ச்சுனன் தொட்டியின் விளிம்பில் கை வைத்து நின்று, "தூக்குங்க மாமா" என்றான். வலது லீவரை இழுத்தேன். வலதுதான். சத்தியமாக வலதுதான். பெட்டி மேலே போகவில்லை. நின்ற இடத்திலேயே பின்னால் கவிழ்ந்தது. பெட்டியின் உதடு அவன் கைமேல், தொட்டி விளிம்போடு.

தள்ளிவிட்டேன் லீவரை. முழுசாத் தள்ளிட்டேன். என்ன பிரயோஜனம்? குலையெல்லாம் பின்னால் சரிஞ்சு கிடக்கு, பெட்டி திரும்ப மாட்டேங்குது. இறக்கிவிட எண்ணெயில் பலம் இல்லை. அவன் கத்துறான். நானும் தொட்டியை ஏற்றிப் போக வந்திருந்த லோரிக்காரரும் மேலே ஏறிக் குலைகளை இழுத்து இழுத்து வெளியே எறிந்தோம். முள் குத்தியது இப்போதுதான் வலிக்கிறது. கனம் குறைந்த பிறகுதான் பெட்டி மெல்ல, தனக்கு இஷ்டமான நேரத்தில், பழைய நிலைக்கு வந்தது.

அன்று இருட்டுமுன் வண்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். இரண்டு ஹோஸும் இடம் மாறி இருந்தன. தூக்கும் ஹோஸ் இடது வாயில், கவிழ்க்கும் ஹோஸ் வலது வாயில். பார்த்ததும் டிராக்டர் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சிவப்பு டேப். அந்த நீல டேப். எந்த ஹோஸ் எந்த வாய்க்கு என்று தெரிய ஒட்டியவை.

கழற்றி, சரியாக மாட்டிவிட்டு வந்துவிட்டேன். புது டேப் ஒட்டவில்லை. ஒட்டினால் ஏன் என்று கேட்பாள்.

அக்டோபர் 5

எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேட்டார், லீவரை மாற்றி இழுத்துவிட்டேன் என்றேன். டாக்டரிடமும் அப்படித்தான். பிரேமலாவிடமும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கத்தினாள். "எத்தன வருஷமா ஓட்டுறீங்க? எது வலது எது இடதுன்னு தெரியாதா? என் தம்பி கை அது!"

நாக்கு நுனிவரை வந்தது. நீதான்டி மாட்டினே. நீதான். விழுங்கிவிட்டேன்.

சொன்னால் அவள் எழுந்திருக்க மாட்டாள். பிரேமலாவை எனக்குத் தெரியும். அந்தப் பையனைத் தூக்கி வளர்த்தது அவள்தான்.

அதோடு, முழுப் பழியும் அவள்மேல் போட எனக்கும் யோக்கியதை இல்லை. ஹோஸைக் கழற்றி மாட்டினால் வெறும் பெட்டியை ஒருமுறை தூக்கி இறக்கிப் பார்க்க வேண்டும். மெக்கானிக் விஜயன் எத்தனை தடவை சொல்லியிருப்பான். கழற்றினேன் என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்தும் வடை தின்றுகொண்டிருந்தேன்.

அக்டோபர் 9

நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. வலது கை.

சிகாமட்டில் என் மாமியார் வீட்டுக்குப் பிரேமலா அவனைக் கூட்டிப் போகிறாள். "எப்ப வருவே?" என்றேன். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அக்டோபர் 14

சோறு குழைந்துவிட்டது. தோட்டத்தில் வேறோர் ஆளைத் துணைக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியைத் தூக்குமுன் அவனைத் தொட்டியிலிருந்து தூரப் போகச் சொல்லிக் கத்துகிறேன். பாவம், பயந்து நிற்கிறான். ஒவ்வொரு காலையும் வெறும் பெட்டியைத் தூக்கி, கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். இப்போது பார்த்து என்ன?

இன்று அவள்மேல் கோபம் வந்தது. வீட்டில் யாருமில்லை, சத்தமாகவே திட்டினேன். பிறகு அவளுடைய காப்பிக் கோப்பையைக் கழுவி வைத்தேன்.

அக்டோபர் 20

தீபாவளி. சிகாமட் போனேன். மாமியார் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பிரேமலா இலை போட்டுப் பரிமாறினாள், முகத்தைப் பார்க்காமல். சாம்பார் போதும் என்று கை காட்டியும் ஊற்றினாள்.

அர்ச்சுனன் இடது கையால் முறுக்கு தின்றுகொண்டிருந்தான். மற்றவர்கள் உள்ளே போன பிறகு கேட்டான்.

"மாமா, அன்னைக்கு எந்த லீவர இழுத்தீங்க?"

"தப்பானத."

"அட அலமாக், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாகூட நீங்க தப்பா இழுக்க மாட்டீங்க லா."

"வயசாயிருச்சுடா."

முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினான். ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 8

பிரேமலா போன் செய்தாள். சமையல் கேஸ் தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இருக்கிறது என்றேன். வைத்துவிட்டாள். அது போதும் போல் இருந்தது, அப்புறம் போதவில்லை.

நவம்பர் 15

ஒன்றுமில்லை. மழை.

நவம்பர் 29

சிகாமட்டில் ஆறு ஏறிவிட்டது. மாமியார் வீட்டு வாசல்வரை தண்ணீர். காலையில் விஜயனின் வேனை வாங்கிக்கொண்டு சுற்றுப் பாதையில் போய் மூவரையும் கூட்டி வந்தேன். வழி நெடுக யாரும் பேசவில்லை. அர்ச்சுனன் மட்டும் ரேடியோவைத் திருகிக்கொண்டே வந்தான், கட்டை விரலும் சுட்டு விரலுமாக.

வீட்டில் மறுபடி பூண்டு வாசனை. மாமியார் பக்கத்தில் பிரேமலா பாய் போட்டுக்கொண்டாள்.

டிசம்பர் 3

மாலையில் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினேன். அர்ச்சுனன் வந்து பின்னால் நின்றான். ஹோஸ்களைப் பார்த்தான். குனிந்து, டேப் சுரண்டிய இடத்தைக் கட்டை விரலால் தடவினான்.

"டேப் எங்க மாமா?"

"மழையில போயிருச்சு."

"ரெண்டுமா?"

நான் எண்ணெய் பார்க்கப் போனேன். எண்ணெய் பார்க்க வேண்டிய நாளே இல்லை.

டிசம்பர் 5

அடுக்களையில் அக்காளும் தம்பியும் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் அவன் குரல், தணிவாக, டேப் என்றும் ஹோஸ் என்றும். பிறகு அவள் அழுகை. சத்தம் வராமல் இருக்க வாயைப் பொத்திக்கொள்ளும் அழுகை.

"ஏன்க்கா... மாமா உன்ன எதுவும் சொல்லலல்ல. விடுக்கா. எனக்கு ஒன்னும் இல்ல, பாரு."

எழுந்து போகவா? போய் என்ன சொல்ல? படுத்தே கிடந்தேன். இரண்டு மாதமாக எதை மறைத்தேனோ அது என்னைக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டது. சே, இந்தப் பையன். ஆனால் அவன்மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

டிசம்பர் 6

காலையில் கிளம்புமுன் வழக்கம்போல் பின்னால் போய்ப் பார்த்தேன்.

வலது வாயைச் சுற்றிச் சிவப்பு நகப்பூச்சு. அதில் செருகிய ஹோஸின் தலையிலும் சிவப்பு. இடது பக்கம் இரண்டிலும் வெள்ளி நிறம். போன வருஷம் யாரோ கல்யாணத்துக்கு வாங்கிய பாட்டில்கள். தூக்குவது சிவப்பு, கவிழ்ப்பது வெள்ளி. சரியாகத்தான் இருந்தது. காய்ந்தும் விட்டது.

அவளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சாவியைப் போட்டு, வெறும் பெட்டியைத் தூக்கினேன். மேலே போனது. தள்ளிவிட்டேன், மெல்ல இறங்கியது. அது முழுசாக இறங்கும்வரை பிரேமலா வாசல் படியில் நின்றுகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் என் காப்பி.

கொடுத்துவிட்டுப் போகவில்லை. நான் குடிக்கும்வரை நின்றாள்.

"இனி வண்டி கழுவுறப்ப நீங்க பக்கத்துல நில்லுங்க."

நிற்கிறேன் என்றேன்.