ஐந்தாவது பாட்டில் வருபவன்

மார்ச் 3

மச்சான்,

ஆல்பம் கிடைத்தது. முழுக்க இரண்டு தடவை கேட்டேன். ப்ளூஸையும் ராப்பையும் கலக்கப்போகிறேன் என்று நீ சொன்னபோது உருப்படாது என்று நினைத்தேன். தப்பு. கிடார் இழுத்து இழுத்துப் புலம்புகிறது, நீ அதன் மேல் மூச்சுவிடாமல் பேசுகிறாய். ஒரே சாவு வீட்டுக்கு இரண்டு பேர் வந்து, ஒருவன் அழ, ஒருவன் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது.

டிரம் யார்? நம் காலத்தில் நான் கம்ப்யூட்டரில் பீட் போட்டால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். இந்த ஆள் ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் தாமதமாக விடுகிறார். முதலில் எரிச்சல். மூன்றாவது பாட்டில்தான் புரிந்தது, அந்தத் தாமதத்தில்தான் கிடாருக்கு அழ இடம் கிடைக்கிறது. திருத்தித் தொலைக்காதே.

ஐந்தாவதில் பேஸ் அதிகம், குறை. எட்டாவது வளவளா, தூக்கு.

வேலை பரவாயில்லை. சாப்பாடுதான் மோசம்.

இப்படிக்கு,
உன் பழைய பீட்காரன்

மார்ச் 9

டேய்,

எட்டாவது என் பெண்டாட்டிக்குப் பிடித்தது. தூக்கினால் நான்தான் வெளியே போகணும்.

ஐந்தாவதைப் பற்றி பேஸ் மட்டும்தானா? மேடை ஏற வேண்டிய அன்றைக்கு நண்பனை விட்டுவிட்டு வேலைக்கு ஓடினவன் யார் என்று தெரியாத மாதிரி நடிக்காதே. கோபத்தில் எழுதினேன். ஸ்டுடியோவில் எல்லோரும் அதுதான் ஆல்பத்திலேயே நல்ல பாட்டு என்கிறார்கள். ஆனால் பாட்டை உன் அம்மாவும் கேட்பார்கள். நீ வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். வெளியிடுவதற்கு முன்னால் சொல்.

கோபம் பாதி தீர்ந்த,
நான்

மார்ச் 14

மச்சான்,

பேஸ் உன் வார்த்தையை அமுக்குகிறது. அதனால்தான் குறைக்கச் சொன்னேன். திட்டுவதென்றால் தெளிவாகத் திட்டு.

இரண்டாவது சரணத்தில் சொல்லாமல் ஓடினான் என்கிறாய். சொன்னேன். நீ தூக்கத்தில் 'ம்' கொட்டினாய். மாற்ற வேண்டாம், எதுகை கெட்டுவிடும். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நேற்று மதியம் ஆபீசில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஐந்தாவதை ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்து மேசைக்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"யாரையோ நல்லா வச்சு செய்றானே, யாருப்பா அது?"

"நான்தாங்க."

அவர் சிரித்தார், நம்பவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

உன்,
ஓடினவன்