பொம்மைப் பேருந்தின் இடப்பக்கக் கண்ணாடி

கடலில் மிதக்கும் அண்ணனுக்கு, கரையில் தத்தளிக்கும் வாலு எழுதிக்கொள்வது.

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இப்போதைக்கு அதையே நலம் என்று வைத்துக்கொள்.

உன் கப்பலில் ஏறப்போகும் உன் சமையல்கார நண்பர் நாளைக் காலையில் கிளம்புகிறார். அவர் பையில் இதைச் செருகி அனுப்புகிறேன். உனக்குப் போனில் எதுவும் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. கடிதத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதலில் சின்ன அதிர்ச்சி. உட்கார்ந்து படி. "தொட்டால் தொலைந்தாய்" என்று சீட்டு ஒட்டி நீ அலமாரியில் வைத்துவிட்டுப் போன சிவப்புப் பொம்மைப் பேருந்து இப்போது சிவப்பு இல்லை. அடித்தட்டு ரிவெட்டுகளைத் துளைத்து, கூடு தனி, சீட்டு தனி, சக்கரம் தனி என்று பிரித்துவிட்டேன். கூட்டை ஜாம் பாட்டிலில் இறக்கி, பெயின்ட் உரிக்கிற மருந்தை ஊற்றினேன். வெயிலில் உரிகிற தோல் மாதிரி சிவப்பு சுருண்டு சுருண்டு வந்தது. கடைசியில் வெறும் உலோகம், அம்மணமாக. பாவம் வெட்கப்படுமே என்று உடனே சாம்பல் நிற ப்ரைமர் அடித்தேன். அது காய்ந்ததும் கீழே நீலம், மேலே வெண்ணெய் நிறம். ஆமாம், அப்பா ஓட்டும் பேருந்தின் நிறம்தான். ஏன் என்று கேட்பாய். அதுதான் பெரிய அதிர்ச்சி.

போன மாதம் மார்க்கெட் முனையில் அப்பா இடப்பக்கம் திருப்பும்போது, பக்கத்திலேயே சைக்கிளில் வந்துகொண்டிருந்த ஓர் அக்காவை வண்டி இடித்துத் தள்ளிவிட்டது. தையல்கடையில் வேலை செய்பவர். உயிருக்கு ஆபத்தில்லை, கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறார். அம்மா தினமும் போய்ப் பார்க்கிறாள். அப்பாவும் போகிறார், வார்டு வாசல் வரைக்கும். உள்ளே மட்டும் கால் போக மறுக்கிறது. அந்த அக்கா அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "அவர் என்னைப் பார்க்கவே இல்லையாம்மா?" அம்மா தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாளாம்.

அன்றிலிருந்து அப்பாவிடம் வண்டி கொடுக்கவில்லை. நாளை மறுநாள் டெப்போவில் விசாரணை. தவறு அவர்மேல் என்று முடிந்தால் வேலை போய்விடும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போது அவர் வலது கால் தானாகப் பிரேக் மிதிக்கிறது. "ரசம் ஓவர்ஸ்பீடா வருதாப்பா?" என்று ஒரு ஜோக் அடித்துப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. யோசித்தால், நானும்தான்.

விசாரணையில் பொம்மை வண்டிகளை மேசைமேல் நகர்த்தித்தான் நடந்ததைக் காட்டச் சொல்வார்களாம். அங்கே இருப்பது ஒரு சக்கரம் கழன்ற லாரியும், பேருந்தாக நடிக்கிற ஒரு சோப்பு டப்பாவும். தொழிற்சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "உங்க பொண்ணு பொம்மை வண்டிக்கு வைத்தியம் பாக்குறவதானே? அச்சு அசலா உங்க பஸ்ஸைப் பண்ணச் சொல்லுங்க. சீட்ல உக்காந்தா எது தெரியும், எது தெரியாதுன்னு காட்டிரலாம்" என்றார். வைத்தியர் என்று சொன்ன பிறகு நான் சும்மா இருப்பேனா?

டேப்பை எடுத்துக்கொண்டு டெப்போவுக்குப் போனேன். கதவு, ஜன்னல், பின்பக்க நசுங்கல் என்று எல்லாவற்றையும் அளந்தேன். இடப்பக்கக் கண்ணாடிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

விபத்து நடந்த அன்று காலை, அப்பா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். சும்மா வருவேனா? கறுப்பு ஸ்டிக்கரில் மீசை வெட்டி, அந்தக் கண்ணாடியின் முதுகில் ஒட்டிவிட்டு வந்தேன். முன்னால் இருந்து பார்த்தால் வண்டி அப்பா மாதிரியே முறைக்கும். இப்போது மீசை இல்லை. மீசை என்ன, முகமே வேறு. நான் ஒட்டியது குட்டைக் கம்பியில் வண்டியோடு ஒட்டிக்கொண்டு நின்ற சின்னக் கண்ணாடியில். இப்போது இருப்பது நீளக் கம்பியில் வெளியே தள்ளி நிற்கிற பெரிய கண்ணாடி. புத்தம் புதுசு.

டெப்போவில் கண்ணாடி மாட்டுவது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபிட்டர் மாமா. நம் அம்மாவின் செல்லத் தம்பி.

வீட்டுக்கு வந்து, "அப்பா, என் மீசை எங்கே?" என்று கேட்டேன். அவர் முதலில் தன் மீசையைத் தடவினார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். விபத்துக்கு முந்தின நாள் நீளக் கண்ணாடி உடைந்துபோக, மாமா வேறொரு சின்ன வண்டியின் கண்ணாடியை மாட்டி, "இன்னிக்கு ஒரு நாள் சமாளிங்க அத்தான், நாளைக்கு சரியானது வந்துரும்" என்றிருக்கிறார். விபத்துக்குப் பிறகு, பயந்துபோய் அன்று சாயங்காலமே சரியானதை மாட்டிவிட்டார். யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"அப்போ நீங்க அந்த அக்காவைப் பாக்கலையா?" என்றேன்.

"கண்ணாடியைப் பாத்தேன்டி. ஒண்ணுமே தெரியல."

"விசாரணையில இதைச் சொல்லுங்களேன்."

"கண்ணாடியைப் பாக்கலன்னு சொல்லிடறேன். அவனுக்கு இப்பதான் குழந்தை பிறந்திருக்கு. மாட்டினது அவன்னா, தெரிஞ்சே எடுத்துட்டுப் போனது நான்தானே? இப்ப வண்டியில என்ன இருக்கோ அதையே பொம்மையிலயும் வை" என்றார். என்னை அதட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

அண்ணா, நான் இரண்டு கண்ணாடிகள் செய்தேன். குண்டூசியை வளைத்துக் கம்பி. சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள் கண்ணாடி. ஒன்று நீளம், ஒன்று குட்டை. களிமண்ணில் ஒரு டிரைவரும் செய்தேன், அப்பாவின் வழுக்கை உட்பட. டிரைவர் தலையிலிருந்து கண்ணாடி வரைக்கும், அங்கிருந்து பின்னால் சைக்கிள் வரைக்கும் நூல் கட்டிப் பார்த்தேன். நீளக் கம்பி என்றால் நூல் நேராகச் சைக்கிளுக்குப் போகிறது. குட்டை என்றால் பேருந்தின் உடம்பிலேயே முட்டி நிற்கிறது. திரும்பத் திரும்பக் கட்டிப் பார்த்தேன். நூலுக்கு யார்மேலும் பாசம் இல்லை.

மாமா தினமும் வேலை முடிந்து நேராக இங்கேதான் வருகிறார். அந்த நீலப் பெயின்ட் கொண்டுவந்து கொடுத்ததே அவர்தான். நான் தூரிகை பிடித்தால் அவர் டப்பா மூடியைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்காருவார். அப்பாவும் அவரும் சாவி, கிரீஸ், குழந்தையின் தூக்கம் என்று எல்லாம் பேசுவார்கள். கண்ணாடி என்ற சொல் வந்துவிடுமோ என்று அம்மா மூக்குக் கண்ணாடியைக்கூடத் தேடாமல் இருக்கிறாள்.

இன்று சாயங்காலம் அப்பா ஆஸ்பத்திரி வாசலுக்குப் போயிருந்தார். பேருந்து தயார், கண்ணாடிக்கான துளை மட்டும் காலியாக இருந்தது. மாமா வந்து உட்கார்ந்ததும், இரண்டு கண்ணாடிகளையும் ஒரு தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினேன். குட்டையின் முதுகில் கடுகளவு மீசை ஒட்டியிருந்தேன். "என் கை நடுங்குது மாமா. நீங்களே மாட்டிடுங்க. வண்டியில மாட்டினவரும் நீங்கதானே" என்றேன்.

நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ விளையாட்டு காட்டியிருக்கிறேன். சிரிப்பு வராத விளையாட்டு இதுதான். மாமா மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீதான் ஒட்டினியா அதை? உரிச்சு எடுக்க நான் பட்ட பாடு" என்றார். அம்மா கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டியது. அம்மா உள்ளே போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. தம்பியையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமா எழுந்து போயிருப்பார். சொல்லவில்லை.

மாமா இடுக்கியை எடுத்தார். முதலில் நீளத்தைத் தொட்டார். அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் குட்டையை எடுத்து, பசையில் தோய்த்து, துளையில் வைத்து, காய்கிற வரைக்கும் விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மீசை கோணலா இருக்குடி" என்றார். கண்ணைத் துடைக்கத்தான் அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அப்பா வந்தார். பேருந்தைத் தூக்கினார். குட்டைக் கண்ணாடியைப் பார்த்தார். "டேய், உனக்கென்ன பைத்தியமா? எடுடா அதை" என்று விரலை வைத்தார்.

"பிடுங்கினா பெயின்ட்டோட வந்துரும் அத்தான். விடுங்க" என்றார் மாமா.

அப்பா விரலை எடுக்கவில்லை, பிடுங்கவும் இல்லை. அப்படியே பேருந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதை எழுதும்போதும் அப்படியேதான் இருக்கிறார். இருவரும் ஒன்றாகவே விசாரணைக்குப் போகிறார்கள் என்று மட்டும் முடிவாகியிருக்கிறது. அதற்கு முன்னால் அப்பா நாளைக்கு வார்டுக்குள்ளே போகப் போகிறாராம். அந்த அக்காவின் கேள்விக்கு அவரே பதில் சொல்வாராம்.

நீ இதைப் படிக்கும்போது விசாரணை முடிந்திருக்கும். யாருக்கு வேலை இருக்கும், யாருக்கு இருக்காது என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்குமே இல்லாமலும் போகலாம். உன் பேருந்துக்கு மறுபடி சிவப்பு அடித்துத் தருகிறேன். அந்தக் கண்ணாடியை மட்டும் எடுக்கச் சொல்லாதே.

துறைமுகத்தில் இறங்கியதும் போன் பண்ணுவாய் அல்லவா? அப்பாவுக்கு அப்புறம் பண்ணிக்கொள். முதலில் மாமாவுக்குப் பண்ணு. விசாரணையைப் பற்றி எதுவும் கேட்காதே. குழந்தை யார் ஜாடை என்று மட்டும் கேள், அண்ணா.

கையை உடைக்காமல் விட்டுவைப்பாய் என்ற நம்பிக்கையில்,
உன் வாலு