அக்காவின் வசம்புச் சொட்டு

செவ்வாய் ராத்திரி

இந்நேரத்துக்கு உன்னை எடுக்கிறேன், மன்னிச்சுக்கோ நோட்டே.

மூணு நாளா பாப்பா வயித்து வலியில அழுதா. நான் தூக்கினா அடங்கல. சாயந்திரம் ஓர்ப்படி அக்கா, எங்க வூட்டுக்காரரோட அண்ணி, தூக்கினதும் அவங்க முந்தானையைப் புடிச்சுக்கிட்டே தூங்கிட்டா. அக்கா வூட்டுலயே வசம்புச் சாறு காய்ச்சி, பாட்டில்ல ஊத்தி பாகூர் முழுக்க விக்கிறாங்க. அதுல ரெண்டு சொட்டு நாக்குல வச்சிருக்காங்க, என்னைக் கேக்காமலே.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். லைசன்ஸ் நம்பர் இல்ல. எந்த வயசுக்கு எவ்வளவுன்னும் இல்ல. "சுட்டு உரசித் தடவுறது வேற, இப்படிச் சுண்டக் காய்ச்சிக் குடுக்கறது வேறக்கா"ன்னேன்.

"இன்னாடி, நீ காலேஜ்ல படிச்ச கெமிஸ்ட்ரியிலயா புள்ள தூங்குச்சு?"ன்னாங்க. மாமியாரும் சேர்ந்து சிரிச்சாங்க.

இப்ப மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு மெயில் அனுப்பிட்டேன், இதைக் குழந்தைக்குக் குடுக்கலாமா, விக்க அனுமதி உண்டான்னு. 'கூடாது'ன்னு பதில் வரணும், அக்கா முகம் சுண்டணும்னு அனுப்புறப்ப ஆசையா இருந்துச்சு. அனுப்பினப்புறம்தான் உறைக்குது, அதைக் குடிச்சது என் புள்ள.

பாப்பா நெஞ்சுல கை வச்சுப் பாக்கறேன். மூச்சு சீராத்தான் வருது. மெயிலோட கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்: தயவுசெய்து சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.