சனிக்கிழமைத் தேர்வு

பெரம்பலூர்
10.6.2024

அன்புள்ள கணவருக்கு,

தேவயானி எழுதுகிறேன். நேற்று பொழுது சாய வந்து சேர்ந்தேன். ஹேமலதா அக்கா தன் வீட்டு மாடி அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு பக்கம் தங்கசாமி மாமாவின் சின்ன வெங்காய மூட்டைகள், இன்னொரு பக்கம் என் மேஜை. மின்விசிறியைப் போட்டால் வெங்காயச் சருகு பறந்து கம்ப்யூட்டர் மேல் வந்து உட்காருகிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். போனில் பேசினால் இரண்டு பேருக்கும் உடனே குரல் ஏறிவிடுகிறது. நேற்று நான் கிளம்பும்போதும் அப்படித்தான் ஆயிற்று. ஆதிரையிடம் தினமும் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாக்யலட்சுமி அக்கா போனில் பேசிக்கொள்கிறேன். உங்களுக்கு எழுதுகிறேன். எழுதினால் கோபம் பாதியிலேயே ஓய்ந்துவிடுகிறது.

நான் கோபித்துக்கொண்டு வந்ததாக ஆலைக் குவார்ட்டர்ஸில் பேசுவார்கள். உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும். நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் நீங்கள் தூங்கும் அந்த ஒற்றை அறையில் நான் வகுப்பு கேட்கவும் முடியவில்லை, புரோகிராம் எழுதவும் முடியவில்லை. இங்கே வார இறுதியில் நேரடி வகுப்பும் உண்டு. ஆதிரை பிறந்தபோது விட்ட கம்ப்யூட்டர் வேலை. திருச்சியில் அதே கம்பெனியில், இந்த டெவலப்பர் தேர்வில் தேறி வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். மறுபடி ஒருமுறை இப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

ஆதிரைக்குத் தலை பின்னும்போது ஈரத்தோடு பின்னாதீர்கள், சளி பிடிக்கும்.

அன்புடன்
தேவயானி


ரெட்டிபாளையம்
17.6.2024

அன்பு தேவிக்கு,

உன் கடிதம் வந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் கடிதம் எழுதியதே இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

ஆதிரை நலம். பாக்யலட்சுமி அக்கா பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுகிறது. நான் ஷிப்டில் இருக்கும் நாளில் அங்கேயே சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறது பிள்ளை. தலை மட்டும் நான்தான் பின்னுகிறேன். ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. "அப்பா, மிஸ்ஸு சிரிக்கறாங்க" என்கிறாள்.

இங்கே பேக்கிங் பிரிவில் ஆள் குறைவு. மூன்று பேர் வேலையை இரண்டு பேர் செய்கிறோம். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் சிமெண்டுதான் வருகிறது. கூட வேலை செய்யும் சின்னதுரை கேட்டான், "வூட்ல சண்டையாண்ணே?" பரீட்சைக்குப் படிக்கப் போயிருக்கிறாள் என்றேன். "இந்த வயசுலயா?" என்றான். நான் அடுத்த மூட்டையை நகர்த்தினேன்.

ஒன்று எழுதுகிறேன், கோபப்படாதே. நீ தேறிவிட்டால் திருச்சிக்குப் போய்விடுவாய். அதற்கப்புறம் இந்தத் தூசிக்குள் எதற்காக வருவாய்? எனக்கு இதைக் கேட்க வேறு நேரம் கிடைக்கவில்லை.

ராஜராஜன்


பெரம்பலூர்
28.7.2024

அன்புள்ள கணவருக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. காரணம் சொல்ல ஒன்றுமில்லை, அசதிதான். காலையில் அக்காவோடு சமையல், பிறகு பாடம், மாலையில் மாதிரித் தேர்வு. அதில் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.

கேள்வி எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு கடை, பண்டிகை நாளில் லட்சம் பேர் ஒரே நேரத்தில் அதன் மொபைல் ஆப்புக்குள் வருகிறார்கள், எதை எங்கே வைத்தால் படுத்துவிடாமல் ஓடும் என்று கேட்பார்கள். நான்கு விடை கொடுப்பார்கள். நான்கும் சரிபோலத் தெரியும். அதில் மிகச் சரியானது எது என்பதுதான் தேர்வு. நான் வேலையை விட்டபோது எங்கள் ஆபீஸில் சர்வர் என்பது குளிர் அறையில் நிற்கும் பெட்டி. இப்போது அது எந்த ஊரில் இருக்கிறது என்றே யாரும் கேட்பதில்லை. வகுப்பில் கூட உட்காரும் பெண்களுக்கெல்லாம் இருபத்திரண்டு வயது. என்னை "மேம்" என்கிறார்கள். இடைவேளையில் ஒருத்தி, "மேம், நீங்க யாரையாவது சேத்துவிட வந்தீங்களா?" என்றாள்.

உங்கள் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல எழுத இப்போது தெம்பில்லை.

தேர்வு ஆகஸ்ட் 17, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. இந்த மாடி அறையிலிருந்தே எழுதலாம். கேமரா வழியாக எங்கிருந்தோ ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அறைக்குள் வேறு ஆள் வரக் கூடாது, குரல்கூடக் கேட்கக் கூடாது. மீறினால் அங்கேயே தேர்வு ரத்து. பன்னிரண்டரைக்குள் முடிந்துவிடும். அன்றைக்கு மத்தியானம் ஆதிரையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று.

அன்புடன்
தேவயானி


பெரம்பலூர்
14.8.2024

அன்புள்ள கணவருக்கு,

அவசரமாக எழுதுகிறேன். சனிக்கிழமை காலையில் இந்தப் பக்கம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிறார்களாம். தேர்வை மத்தியானம் இரண்டு மணிக்கு மாற்றிக்கொண்டேன். நாலரைக்கு முடியும். நீங்கள் ஐந்து மணிக்கு மேல் வந்தால் போதும். நேற்று கூப்பிட்டேன், நீங்கள் ஷிப்டில் இருந்தீர்கள், போன் லாக்கரில் இருந்திருக்கும். ஆதிரையிடம் சொல்லியிருக்கிறேன். சின்னப் பிள்ளை, மறந்துவிடும்; மறுபடி போனில் கூப்பிட்டுத் தேர்வு நேரத்தில் குரல் ஏற வேண்டாம் என்றுதான் இதையும் எழுதுகிறேன்.

தேவயானி


ரெட்டிபாளையம்
18.8.2024

தேவிக்கு,

நீ மாற்றி எழுதிய கடிதம் நேற்று நாங்கள் கிளம்பிய பிறகுதான் வந்திருக்கிறது. நடுவில் சுதந்திர தின விடுமுறை. திரும்பி வந்ததும் பாக்யலட்சுமி அக்கா கையில் கொடுத்தது. வாசலில் நின்றபடியே படித்தேன்.

பிள்ளை என்னிடம் சொன்னது, "அம்மா பரீட்சை, மத்தியானம்" என்று. மத்தியானம் வரச் சொன்னதை இவள் திருப்பிச் சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டுக்குச் சேர வேண்டும் என்று கிளம்பினோம். வழியில் டயர் பஞ்சராகி, வந்து சேர மூன்று ஆகிவிட்டது. நான் வண்டியை நிழலில் நிறுத்துவதற்குள் இவள் இறங்கி வெளிப்படியில் ஏறிவிட்டாள். ஹேமலதா கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் அதற்கும் தெரியவில்லை.

நான் மேலே வந்து பார்த்தபோது இவள் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நீ அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாய். கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி இருந்தது. என்னாச்சு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, முடிஞ்சிடுச்சு. கீழ வாங்க, சாப்பிடலாம்" என்றாய். சோறு போட்டாய். அப்பளம்கூடப் பொரித்தாய். ஹேமலதாதான் கைகழுவும் இடத்தில் என்னிடம் சொன்னது, ரத்தாகிவிட்டது என்று.

திரும்பி வரும்போது இவள் கேட்கிறாள், "அம்மா என்னத் திட்டவே இல்லையே, அப்புறம் ஏம்ப்பா அழுதாங்க?" கண்ணில் தூசி என்றேன். "நம்ம ஊர்லதான தூசி" என்றாள்.

வேண்டுமென்று செய்ததாக நினைக்கிறாயா? திட்டியாவது எழுது.

ராஜராஜன்


ரெட்டிபாளையம்
2.9.2024

தேவிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஆதிரையிடம் மட்டும் பேசுகிறாய். பேசி முடித்ததும் போனை என்னிடம் நீட்டுகிறாள். வாங்கிக் காதில் வைத்தால் நீ வைத்துவிட்டிருக்கிறாய்.

அவளுக்கு முன்பல் ஆடுகிறது. உனக்குத்தான் முதலில் காட்டுவாளாம்.

ராஜராஜன்


பெரம்பலூர்
12.9.2024

ராஜராஜன் அவர்களுக்கு,

தேர்வு நடத்துகிறவர்களுக்கு நடந்ததை விளக்கி எழுதியிருந்தேன். ஆறு வயதுக் குழந்தை, அம்மாவைப் பார்க்க ஓடி வந்தது என்று. வருந்துகிறோம், விதி விதிதான், புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. அவர்கள் மேலும் எனக்குக் கோபமில்லை.

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. எனக்குத் தெரியும். உங்களுக்கு அப்படியெல்லாம் திட்டம் போட வராது. ஆதிரை மேலும் தப்பில்லை. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, கேமராவைப் பார்ப்பதா அவளைப் பார்ப்பதா என்று நான் யோசிக்கவே இல்லை. திரும்பி அவளைக் கட்டிக்கொண்டேன். மறுபடி நடந்தாலும் அதையேதான் செய்வேன்.

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. ஹேமலதா அக்கா உங்களிடம் ரத்து என்று சொன்னபோது நான் சமையலறையில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் தோள் தளர்ந்தது. பாரம் இறக்கிய ஆளின் தோள். ஒரு கணம்தான். அப்புறம் முகத்தை மாற்றிக்கொண்டீர்கள். ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

தோற்பது எனக்குப் பழகிவிட்டது. நான் தோற்றால் நிம்மதியாகிற ஒரு மனிதருக்கு, நான் எப்படிப் படிக்கிறேன் என்று கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால்தான் பேனாவை எடுக்கவே தோன்றவில்லை.

நான் பார்த்தது தப்பா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

தேவயானி


ரெட்டிபாளையம்
20.9.2024

தேவயானிக்கு,

நீ பார்த்தது சரி.

இதை எழுதிவிட்டு அடுத்த வரிக்கு வர மூன்று நாள் ஆயிற்று. இல்லை என்று எழுதிப் பார்த்தேன், அது பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

எனக்குப் பயம். மெஷின் இருக்கும் இடத்தில் வேலை செய்கிறவன், வேறு எதற்கும் பயந்ததில்லை. நீ அந்த வேலையில் உட்கார்ந்துவிட்டால் உன் பேச்சு எனக்குப் புரியாமல் போகும். உன் கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் நான் எப்படி நிற்பேன்? உனக்கு நான் தேவைப்படுகிற விஷயம் ஒன்றொன்றாகக் குறைந்து, கடைசியில் பிள்ளையின் அப்பா என்பது மட்டும் மிஞ்சும். ரத்து என்றதும், சரி, இனி வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று மனசு சொன்னது. நான் சொல்லச் சொல்லவில்லை, அதுவாகச் சொன்னது. மறுநிமிஷமே என் மேல் எனக்கு வெறுப்பு வந்தது. அதையும் நீ பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சின்னதுரை நேற்றும் கேட்டான், "அண்ணி எப்பண்ணே வருது?" நான் சொன்னேன், "இன்னொரு தடவை எழுதட்டும்டா. பாதியில நின்னுபோச்சு, என்னாலதான்." அவன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து எனக்குப் பாதி வைத்தான்.

மறுபடி எழுது. தேதியை மட்டும் என்னிடம் சொல்லாதே. தெரிந்தால் அன்றைக்கு நான் எதை வேண்டிக்கொள்வேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

ராஜராஜன்


பெரம்பலூர்
25.11.2024

அன்புள்ளவருக்கு,

சொல்லாமல்தான் எழுதினேன். இந்த முறை வீட்டிலிருந்து எழுதவில்லை. திருச்சியில் தேர்வு மையம் இருக்கிறது, போன வியாழக்கிழமை தனியாகப் பஸ் ஏறிப் போனேன். சனிக்கிழமை முடிவு வந்தது. தேறிவிட்டேன். ஓரத்தில் தொற்றிக்கொண்ட மதிப்பெண்தான், ஆனால் தேறிவிட்டேன்.

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது. முடிவைப் பார்த்துவிட்டு அப்படியே மூட்டைகளில் சாய்ந்து தூங்கிப்போனேன். அக்கா வந்து உலுக்கினாள், "ஏன்டி, ஒடம்புக்கு என்ன?" ஒன்றுமில்லை, பாஸ் என்றேன். அவள்தான் அழுதாள்.

உங்கள் கடிதத்துக்கு இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. அதை அடிக்கடி எடுத்துப் படித்தேன். முதலில் வலித்தது. போகப் போக, இந்த மனிதர் என்னிடம் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் நின்றது. நீங்கள் பயப்படுவதில் பாதி நடந்தாலும் நடக்கலாம். நடக்காது என்று வாக்குக் கொடுக்க என்னிடம் தெம்பில்லை. ஆனால் முடிவைப் பார்த்ததும் முதலில் உங்களிடம்தான் சொல்ல நினைத்தேன். போனை எடுத்து, ஷிப்டில் இருப்பீர்கள் என்று வைத்துவிட்டேன்.

சொன்னபடியே பழைய கம்பெனியில் ஜனவரியிலிருந்து வேலை. வாரத்தில் மூன்று நாள் திருச்சி ஆபீஸ், மற்ற நாள் வீட்டிலிருந்து. ரெட்டிபாளையம் குவார்ட்டர்ஸுக்கு நான் திரும்பி வரப்போவதில்லை. திருச்சி ஹாஸ்டலுக்கும் போகப்போவதில்லை. அரியலூரில் ரயிலடிப் பக்கம் வீடு பார்க்கலாம் என்றிருக்கிறேன். எனக்கு ரயில், உங்களுக்கு ஆலை பஸ். இரண்டு பேருக்குமே அலைச்சல்தான். டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே இருப்பேன். நீங்கள் வந்தால் சேர்ந்து பார்ப்போம். வராவிட்டாலும் நானும் ஆதிரையும் இருக்கிற மாதிரி ஒன்று பார்ப்பேன். கோபத்தில் எழுதவில்லை. எங்காவது போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

தேவயானி


ரெட்டிபாளையம்
29.11.2024

அன்பு தேவிக்கு,

கடிதம் வந்தது. பாக்யலட்சுமி அக்காவிடம் படித்துக் காட்டினேன், தேறின பகுதியை மட்டும். "நம்ம தேவியா?" என்று இரண்டு தடவை கேட்டது. ஆதிரை தெருவெல்லாம் போய்ச் சொல்லிவிட்டாள். எனக்கு என்ன தோன்றியது என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சின்னதுரையிடம் சொல்லும்போது என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். முந்தின நாள் நைட் ஷிப்ட், மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. காலையில் முடித்துக் குளித்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். வீடு பார்க்கும்போது தூங்கி வழிந்தால் மனசில் வைத்துக்கொள்ளாதே. ஆதிரைக்குத் தலை பின்னியிருப்பதையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாதே.

வீட்டுக்காரர் யாராக இருந்தாலும், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பார். ஆலையில் பேக்கிங் என்று என்னுடையதைச் சொல்லிவிடுவேன். உன்னுடையதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. முதல் வீட்டுக்குப் போகும் முன்னால், எங்கேயாவது ஒரு டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொடு. வீட்டுக்காரரிடம் நீ சொல்ல வேண்டாம். நான் சொல்கிறேன்.

உன்
ராஜராஜன்