மின்னல் அடித்த பிறகும் ஒலித்த குரல்

அன்புள்ள என்னவருக்கு,

அத்தை நலம், நானும் நலம். டாக்டரும் அதையேதான் சொன்னார். கப்பல் சமையலறையில் பெரிய அண்டாக்களைத் தூக்கித் தூக்கி வந்த தோள்வலி குறைந்ததா? தைலம் தீர்ந்திருந்தால் அடுத்த துறைமுகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போன வாரப் புயலின்போது என் தம்பியின் படகு கடலில்தான் இருந்தது. உடனே கரை திரும்பச் சொல்லி எங்கள் வானொலி நிலையம் விடாமல் அறிவித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மின்னல் கோபுரத்தைத் தாக்கியது. டிரான்ஸ்மிட்டரில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. அன்று அந்த அறையில் டியூட்டி எனக்குத்தான்.

பழைய மிஷினை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பழைய ரேடியோக்களில் இருக்குமே, அந்த மாதிரிக் குழாய், ஆனால் குடம் பருமனில் ஒற்றை வால்வு. குரலைச் சுமக்கும் அலைக்கு அதுதான் பலம் கொடுக்கும். அது போனால் நிலையமே ஊமை. புதியதில் அதே வேலையை டிரான்சிஸ்டர் பலகைகள் பல சேர்ந்து பங்குபோட்டுக்கொள்கின்றன. இரண்டு கருகின; மற்றவை தாங்கிக்கொண்டன. பலம் குறைந்தது, அறிவிப்பு நிற்கவில்லை. கருகியவற்றை உதவியாளர்தான் கழற்றினார். நான் எதையும் தூக்கவில்லை, பயப்படாதீர்கள்.

சாயங்காலம் தம்பி நனைந்த கோழியாய் வந்து நின்றான். "நடுவுல குரல் கொஞ்சம் சன்னமாச்சுக்கா, ஆனா விடல. அதக் கேட்டுத்தான் படகத் திருப்பினோம்" என்றான். அவனைத் திட்டலாம் என்று இருந்தேன், முடியவில்லை.

அத்தைக்கு எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும். வால்வுக்கு முன்னால் என்ன செய்தார்கள் என்று கேட்டார்கள். அப்போது பொறி பறக்கவிட்டுத் தந்திக் குறிகளைத்தான் அனுப்ப முடிந்தது, குரலை அதில் அனுப்ப முடியாது என்றேன். "உங்க மாமா மாதிரின்னு சொல்லு. பொறி பறக்கும், பேச்சு வராது" என்று சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். போன வருஷம் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த பிறகு, இந்த வீட்டில் அன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

எனக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. பரணில் இருக்கும் தொட்டிலை அத்தை இன்னும் இறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. லீவு கேட்டுப் பாருங்கள். நீங்கள் வந்து இறக்கினால் நன்றாக இருக்கும்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி