அத்தை கழுவிய பளிங்குத் தரை

மார்ச் 3, திங்கள்

பாத்ரூம் தரையில் வெள்ளை வெள்ளையாய்த் திட்டுகள். வாஷ்பேசினுக்குக் கீழே கொஞ்சம், டாய்லெட்டைச் சுற்றி ஏராளம். தண்ணீர்க் கறை என்று துணியால் துடைத்தேன். போகவில்லை. விரலால் தடவினால் சொரசொரக்கிறது.

வீடு கட்டும்போது மற்ற எல்லாவற்றிலும் மனைவி சொன்னதற்குத் தலையாட்டினேன். பாத்ரூமுக்குப் பளிங்கு என்பது மட்டும் என் பிடிவாதம். கூட்டிப் போய்க் காட்டினால், "தரைதானேங்க, ஆளையா அரிச்சிடுச்சு?" என்கிறாள்.

அவளுக்கு இப்போது ஒரே கவலை, அவள் அம்மா இங்கேயே தங்குவாரா மாட்டாரா என்பதுதான். மாமா போனதிலிருந்து அத்தை மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருந்தார். போன மாதம் தலைசுற்றி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கும் வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தோம். "மார்ச் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று ஒரே ஒரு பெட்டியோடு வந்திருக்கிறார்.

தங்கமான மனுஷி. ஆனால் நான் ஹாலில் இருந்தால் ஜன்னலோர நாற்காலிக்குப் போய்விடுகிறார். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் மாப்பிள்ளைக்கு இவ்வளவு மரியாதையா?

மார்ச் 5, புதன்

கல் பதித்த மேஸ்திரிக்கு போன் செய்தேன். "ஆசிட் ஊத்தினீங்களா சார்? அப்ப அது கறை இல்ல, கல்லே போச்சு. தேச்சு பாலிஷ் போட்டாத்தான் சரியாகும்" என்றார். எங்கள் வீட்டில் ஆசிட்டே கிடையாது என்று ரோஷமாகச் சொன்னேன்.

சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தால் வாளிக்குப் பின்னால் பாட்டில். பாதி காலி. பக்கத்தில் புதுப் பிரஷ்.

நான் வாங்கவில்லை. அவளும் வாங்கவில்லை. மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

எப்படிச் சொல்வது? மூக்குக்கண்ணாடிக் கடையில் முன்பின் தெரியாதவர்களை உட்காரவைத்து "இது தெளிவா தெரியுதா, அதுவா" என்று நாள் முழுக்கப் பேசுகிறவன்தான் நான். அத்தையிடம் மட்டும் "காபி நல்லா இருந்துச்சு" என்பதைத் தாண்டி வாய் வராது. இதில் டாய்லெட்டைப் பற்றியா? பொறுப்பை மனைவியிடம் தள்ளிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

"சொல்லிட்டேன். அம்மா இனிமே ஆசிட்டைத் தொடமாட்டாங்க." அப்பாடா.

மார்ச் 9, ஞாயிறு

அத்தை சொன்ன சொல் தவறாதவர். ஆசிட்டைத் தொடவில்லை. இன்று குளிக்கப் போனால் தரையெல்லாம் எலுமிச்சை விதை. சோப்புத் தட்டுக்குப் பக்கத்தில் வினிகர் பாட்டில்.

"அதெல்லாம் சாப்பிடற சாமான்தானேங்க" என்றாள் மனைவி. எனக்கு வந்ததே கோபம். "நாக்குக்குப் புளிப்பு நல்லதுதான். பளிங்குக்கு அது விஷம். வினிகரும் எலுமிச்சையும் ஆசிட்டோட தம்பிங்க. சுவத்துல இருக்கற டைல்ஸ் தாங்கும், அதுக்கு நடுவுல இருக்கற சிமெண்ட் தாங்குமா? அதையும் அரிச்சிடும்" என்று கத்திவிட்டேன். கத்தியது வீடு முழுக்கக் கேட்டிருக்கும்.

அத்தையின் அறைக்கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. ஒரு கல்லுக்காக நான் இப்படிப் பேசியிருக்க வேண்டுமா? மனைவி சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. அவள் பேசாததே சரி.

மார்ச் 11, செவ்வாய்

நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று கடைக்குப் போனேன். ஓர் அலமாரி முழுக்கப் பாட்டில்கள். பளபளப்பு, நுரை, மலைக்காற்று வாசனை என்று முன்பக்கம் ஒரே ஆரவாரம். விஷயம் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. கண்ணாடிக் கடைக்காரனுக்கே பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது.

உப்புக் கறை நீக்கும் என்று போட்டிருந்தால் அதில் அமிலம் இருக்கிறது. தேய்க்கும் பவுடர் கல்லைக் கீறிவிடும். கடைசியில் கீழ்த்தட்டில் ஒன்று கிடைத்தது. பளிங்கு, டைல்ஸ் இரண்டுக்கும் ஆகும், அமிலமும் இல்லை காரமும் இல்லை என்று எழுதியிருந்தது. நிறமில்லை, வாசனையில்லை. கூடவே இரண்டு மெல்லிய துணியும் வாங்கினேன், கழுவியதும் ஈரத்தைத் துடைக்க.

மார்ச் 12, புதன்

அத்தைக்குப் பாட்டிலைப் பிடிக்கவில்லை. குலுக்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தண்ணி மாதிரி இருக்கே. இதுல எப்படிப் போகும்?" என்று மகளிடம் கேட்டாராம். எது போக வேண்டும்? ஒரு நாளைக்கு மூன்று தடவை கழுவுகிறார். அந்தத் தரையில் அழுக்கு என்று ஒன்று மிச்சம் இருக்கிறதா என்ன?

இன்று பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியது. அத்தை அடுப்புக்குப் பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏதோ நினைப்பு என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 15, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தோம்.

மனைவி லேபுக்குக் காலை ஷிப்ட் போய்விட்டாள். என் கடை திறக்க நேரம் இருந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது மூக்கைக் குத்துகிற மாதிரி ஒரு நெடி. நீச்சல்குளத்து வாடை, ஆனால் பல மடங்கு. ஓடிப் போனால் பாத்ரூம் கதவும் மூடியிருக்கிறது, ஜன்னலும் மூடியிருக்கிறது. உள்ளே அத்தை இருமிக்கொண்டே தேய்க்கிறார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. வினிகரை ஊற்றி, அதன் மேலேயே ப்ளீச்சையும் ஊற்றியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் விஷ வாயு வரும்னு யாராவது சொல்லியிருக்கணும்ல? நான் சொல்லியிருக்கணும்ல? கல்லு போச்சு கல்லு போச்சுன்னுதானே கத்தினேன், ஆளைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேனா?

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். அத்தையின் கையை நான் தொட்டது இதுதான் முதல் தடவை. "என்ன ஆச்சு மாப்பிள்ளை? ஏன் இழுக்கிறீங்க?" என்கிறார். நிஜமாகவே தெரியாமல் கேட்கிறார்.

"இந்த நெடி உங்களுக்குத் தெரியலையா அத்தை?"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். மாலை வரை வைத்திருந்து அனுப்பினார்கள். நுரையீரலுக்கு ஒன்றுமில்லை. மனைவி லேபிலிருந்து நேராக வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டவள் வெகுநேரம் விடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அத்தை மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் சமையலறையில் இருந்தேன். கேட்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன்.

மாமா படுக்கையில் கிடந்த நாட்களில் அத்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அது போகும்போது மோப்பத்தையும் கொண்டுபோய்விட்டது. சோற்று வாசனையும் இல்லை, சோப்பு வாசனையும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. மாமாவைப் பார்க்க வந்த அவர் தங்கை கூடத்தில் நின்றுகொண்டு, "என்ன அண்ணி, வீடே மூத்திர வாடை அடிக்குது" என்றாராம். கண்ணும் கருத்துமாய்ப் பார்த்துக்கொண்ட மனுஷிக்கு அது முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது.

"அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியலடி. இப்ப என்மேலயே அடிச்சாலும் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை மூக்கைச் சுளிக்கறதுக்கு முன்னாடி நான் கிளம்பிடறேன். மாசக் கடைசிக்கு டிக்கெட் போட்டுடு."

ஜன்னலோர நாற்காலி மரியாதைக்காக இல்லை. காற்றுக்காக.

வெங்காயம் நறுக்காமலேயே கண் எரிந்தது.

மார்ச் 18, செவ்வாய்

மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். "உன்மேல ஒரு வாடையும் இல்லம்மா." அத்தை தலையாட்டுகிறார், நம்பவில்லை. "பெத்த பொண்ணு வேற என்ன சொல்லுவ" என்கிறார். டிக்கெட்டைத் தினமும் ஞாபகப்படுத்துகிறார்.

மார்ச் 19, புதன்

மனைவி கிளம்பியதும், தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனேன்.

"அத்தை, என் மூக்கு நல்லா வேலை செய்யுது. தினமும் காலையில நான் பாத்ரூமைப் பார்த்துச் சொல்றேன். வாடை இருந்தா இருக்குன்னு சொல்லுவேன், இல்லன்னா இல்லன்னு."

"ஐயோ, உங்ககிட்டப் போய் இதையெல்லாமா" என்று எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவோரம் குரல் மட்டும் வந்தது. "சரி, சொல்லுங்க."

புதுப் பாட்டிலை எடுத்து வந்து காட்டினேன். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி. மெல்லிய துணியால் துடைத்து, நல்ல தண்ணீர் விட்டு அலசி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். எதையும் எதோடும் கலக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். "நுரையே இல்லையே" என்றார். "நுரைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல அத்தை" என்றேன். எங்களுடைய நீளமான பேச்சு இதுதான்.

மார்ச் 21, வெள்ளி

மூன்று நாளாக "இல்ல அத்தை" என்கிறேன். நிஜமாகவே இல்லை. "ம்" என்கிறார். இதையும் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிகிறது.

மார்ச் 24, திங்கள்

இன்று இருந்தது.

டாய்லெட்டுக்கு முன்னால் போட்டிருக்கும் மிதியடியில். சந்தேகமே இல்லை. அத்தை வழக்கம்போல் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். "இல்ல" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்வதுதானே சுலபம், அன்பும் அதுதானே என்று தோன்றியது. அப்புறம் என்னவோ, பூசி மெழுக மனம் வரவில்லை.

"இருக்கு அத்தை."

முகம் வெளிறிவிட்டது. "எங்க?"

"மிதியடியில. துவைச்சாப் போயிடும். கல்லுல இல்ல, ரூம்ல இல்ல, உங்கமேல இல்ல."

"என்னாலதானா?"

"ஆமா அத்தை. ராத்திரி கொஞ்சம் சிந்தியிருக்கும். வயசானா யாருக்கும் நடக்கறதுதான்."

மிதியடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். நான் கடைக்கு வந்து ஒருவருக்கு இடது கண் பவரை வலது கண்ணுக்கு எழுதிவிட்டேன், நல்லவேளை அவரே பார்த்துச் சொன்னார். மனைவியிடம் போனில் சொன்னதும் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு அறிவிருக்கா? எங்கம்மாகிட்டப் போய் அப்படியா சொல்லுவாங்க? அவங்க கிளம்பிப் போனா நான் உங்களைச் சும்மா விடமாட்டேன்."

கிளம்பிவிடுவாரோ? நான் யார் இதைச் சொல்ல? வீட்டுக்குப் போகவே பயமாக இருந்தது. போனபோது அத்தை தூங்கிவிட்டிருந்தார்.

மார்ச் 25, செவ்வாய்

காலையில் நான் எழுவதற்கு முன்பே அத்தை பாத்ரூம் வாசலில் நின்றிருந்தார். தரை துடைத்துக் காய்ந்திருந்தது. உள்ளே போய் நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன்.

"இல்ல அத்தை."

நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அந்தப் பேச்சுக்கப்புறம் ரெண்டு வருஷமா, வாடை வருதான்னு யாரைக் கேட்டாலும் இல்ல இல்லன்னுதான் சொன்னாங்க மாப்பிள்ளை. நிஜமா இல்லன்னாலும் அதே பேச்சு, எனக்காகச் சொன்னாலும் அதே பேச்சு. எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? நேத்து நீங்க இருக்குன்னு சொன்னீங்க. அதான் இன்னைக்கு நம்பறேன்."

"காபி போடட்டுமா அத்தை?" என்றேன்.

"நான் போடறேன். நீங்க போட்டா அது தண்ணி" என்றார்.

மார்ச் 27, வியாழன்

மேஸ்திரி வந்து தரையைத் தேய்த்து பாலிஷ் போட்டார். டாய்லெட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மங்கல் நிற்கும் என்றார். நிற்கட்டும்.

மார்ச் 30, ஞாயிறு

மனைவிக்கு லீவு. "தினமும் காலையில ரெண்டு பேரும் பாத்ரூம் வாசல்ல நின்னு என்ன குசுகுசுன்னு பேசறீங்க?" என்று கேட்டாள். "உனக்கு எதுக்குடி" என்றார் அத்தை. நான் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தை எனக்கு ரசத்தை ஊற்றிக்கொண்டே, பேச்சுவாக்கில் சொல்வதுபோல மகளிடம் சொன்னார். "அந்த வீட்டைச் சும்மா பூட்டிப் போட்டு வைக்க வேணாம். யாராவது சின்னக் குடும்பமாப் பார்த்து வாடகைக்கு விட்டுடு. வர்றவங்ககிட்ட ஆசிட் மட்டும் ஊத்தாதீங்கன்னு சொல்லு."

மனைவி சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

"என்னாச்சு அவளுக்கு?" என்றார் அத்தை.

"ஒண்ணுமில்ல அத்தை" என்றேன்.

"மாப்பிள்ளை."

"அழறா அத்தை. சந்தோஷத்துல."

"அப்படிச் சொல்லுங்க" என்று எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.